மகள் மக்களான கதை (அல்லது) கீபோர்டுக்கு எந்த எண்ணெய்?

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் வந்து கேட்டான்.

"அண்ணே, மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கிருக்கேன். சூப்பரா இருக்கு. ஆனா ஸ்பேஸ்பார் மட்டும் லொட லொடங்குது. ரூம்ல தேங்கா எண்ணெய் இருக்கு. ஒரு சொட்டு விட்டுரலாமா?"

கையில இருந்த டீயை அப்படியே மேசையில வெச்சுட்டேன். என்னை மாதிரியே இன்னொருத்தன்! இவனைக் காப்பாத்தியே ஆகணும்னு உட்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசினேன். பாவம், கேட்ட பாவத்துக்கு அவன் மாட்டிக்கிட்டான். இப்ப நீங்க :)

முதல்ல என் சோகக்கதை.

2020 ஊரடங்கு. வீட்டிலிருந்தே ஆணி புடுங்கற வேலை. லேப்டாப் கீபோர்டுல தட்டித் தட்டி விரல் நோகுதுன்னு சாக்கு சொல்லி, ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். 87 விசை. உள்ள வண்ண வண்ண விளக்கு. தட்டினா சும்மா மழை பெய்யற மாதிரி சத்தம். எனக்கு மழை. பக்கத்து ரூம்ல தூங்கற தங்கமணிக்கு இடி. "ராத்திரி பன்னெண்டு மணிக்கு யாரு அங்க சுத்தியல் அடிக்கிறது?"ன்னு மூணாவது நாள் இறுதி எச்சரிக்கை வந்துருச்சு.

அம்மாவோட தையல் மெஷின் டிராயர்ல எப்பவும் ஒரு சின்ன எண்ணெய் டப்பா கிடக்கும், மூக்கு நீண்ட டப்பா. எடுத்தேன். கீகேப்பை எல்லாம் கழட்டினேன். ஒவ்வொரு விசையிலயும் மேலேருந்து ஒரு சொட்டு. கை தாராளமானவன் இல்லையா, சிலதுக்கு ரெண்டு.

ரெண்டு வாரம் சொர்க்கம். வெண்ணெய்யில விரல் வெச்ச மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் வந்தது வினை.

நான் தமிழ்99 முறையில தட்டறவன். அந்த முறை தெரிஞ்சவங்களுக்கு இந்த விஷயம் தெரியும். ஒரே மெய்யெழுத்தை ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழுந்துரும். ப, ட, ட, ம்னு தட்டிப் புள்ளி வெச்சா பட்டம். அருமையான வசதி. ஆனா விசை ஒழுங்கா இருக்கணும். ஒரு தடவை தட்டினதை ரெண்டு தடவைன்னு அது சொல்ல ஆரம்பிச்சா, படம் தானாவே பட்டமா மாறிப் பறந்துரும். கடை கட்டை ஆயிரும். விதை வித்தை ஆயிரும்.

என் பொண்ணோட பள்ளிக்கூட வகுப்புக் குழுவில ஒரு நாள் காலைல அவசர அவசரமா தட்டி அனுப்பினேன். "என் மகளுக்குக் காய்ச்சல், இன்று வகுப்புக்கு வர இயலாது." போனது என்ன தெரியுமா? "என் மக்களுக்குக் காய்ச்சல்."

ஹெச் விசையிலதான் 'க' இருக்கு. அது ரெட்டிச்சுருச்சு. தமிழ் டீச்சர் பதில் போட்டாங்க: "நாடு முழுவதுமா மன்னா?"

மொத்தக் குழுவும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ஆனா அன்னைலேருந்து நான் தட்டின ஒவ்வொரு வரியையும் திரும்ப ரெண்டு தடவை படிக்க வேண்டியதாப் போச்சு. ஆபீஸ்ல ஒரு கடவுச்சொல் மூணு தடவை தப்பாகி கணக்கே முடங்குச்சு. கை மேல நம்பிக்கை போயிட்டா, எழுதறவனுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

சரி, போட்ட எண்ணெயை எடுத்துரலாம்னு அடுத்த புத்திசாலித்தனம். கதவு கீலுக்கு அடிக்கிற துருநீக்கி ஸ்ப்ரே ஒண்ணு பரண்ல இருந்துச்சு. 'எல்லாத்தையும் கழுவிரும்'னு யாரோ சொல்லக் கேட்ட ஞாபகம். அடிச்சேன். ஒரு மாசம் கழிச்சு விசைகளோட கண்ணாடி மாதிரி மேல்மூடி இருக்கே, அதோட கொக்கி மூலையில எல்லாம் மயிரிழை மாதிரி விரிசல். நாலஞ்சு மூடி கையோட வந்துருச்சு. விசை எல்லாம் பலகையில பற்ற வெச்சது. 87-ஐயும் உருக்கி எடுத்து மாத்தற செலவுக்குப் புதுசே வாங்கலாம்னாங்க. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய், குப்பை.

அப்பா பார்த்தார். அவர் முப்பது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல சொல்லிக் குடுத்தவர். ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட்னு எத்தனையோ மெஷினைப் பிரிச்சு மாட்டின கை. ஒரே கேள்விதான் கேட்டார். "எண்ணெய் போடறதுக்கு முன்னாடி துடைச்சுப் பார்த்தியா?"

அவங்க இன்ஸ்டிடியூட்ல ஒரு சட்டம் இருந்துச்சாம். கேரேஜ் ஓடற தண்டவாளத்துல ஒரே ஒரு சொட்டு எண்ணெய் போடலாம். எழுத்துக்கம்பி எல்லாம் வரிசையா கூடற பள்ளத்துல மட்டும் ஒரு துளி கூடாது. அங்க போட்டா அழிரப்பர் தூளும் தூசியும் எண்ணெயில ஊறிப் பசையாகி, எழுத்து எழும்பிப் போய் அங்கயே நிக்கும். அந்த இடத்துக்குப் பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் பெட்ரோலும்தான் வைத்தியம். இரும்புக்கே இவ்வளவு யோசிச்சிருக்காங்க. நான் பிளாஸ்டிக்குக்கு யோசிக்கவே இல்லை.

என் கருத்து இங்கதான் ஆரம்பிக்குது. நம்ம வீட்டு அறிவு எல்லாம் இரும்பு காலத்து அறிவு. சைக்கிள் செயின், கதவுக் கீல், தையல் மெஷின், கிணத்து ராட்டினம். கிறீச்சுனு கத்தினா எண்ணெய் விடு. சரியான அறிவுதான், இரும்புக்கு. கீபோர்டு விசை இரும்பு இல்லை. அதுக்கு எது நல்லா வழுக்கும்னு கேக்கறது தப்பான கேள்வி. எது எதைத் தொடப்போகுதுங்கறதுதான் கேள்வி. அதுக்குப் பதில் தெரியலைன்னா எதுவுமே போடாம விடறதுதான் ரொம்பப் பாதுகாப்பான மசகு.

ஒரு விசைக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துருவோம். செர்ரி நிறுவனத்தோட எம்எக்ஸ் மாதிரியிலும், அதைப் பார்த்து வந்த கேட்டரான், கைல், அவுட்டேமு வகைகளிலும் அமைப்பு ஏறக்குறைய ஒண்ணுதான். கீழ்ப்பெட்டி, மேல்மூடி, நடுவில ஏறி இறங்கற தண்டு, அதுக்கடியில ஸ்பிரிங், ஓரமா ஒரு மெல்லிய உலோகத் தகடு. தண்டோட கால் அந்தத் தகட்டைத் தள்ளிப் பிடிச்சிருக்கும். நீங்க அழுத்தினதும் கால் விலகும், தகடு போய்த் தொடும், எழுத்து விழும்.

தொடற அந்தப் புள்ளி ஊசிமுனை அளவுதான். உலோகம் உலோகத்தைத் தொடும்போது சில மில்லி விநாடி துள்ளும். அது கீபோர்டுக்குத் தெரியும், அந்தத் துள்ளலைக் கணக்குல எடுக்காது. நடுவில எண்ணெயும் தூசியும் போய் உட்கார்ந்தா துள்ளல் நீளும். நீண்டா ரெண்டு அழுத்தம்னு நெனச்சுக்கும். மகள் மக்களாகறது இப்படித்தான். தையல் மெஷின் எண்ணெய் தண்ணி மாதிரி மெல்லிசு. விட்ட இடத்துல நிக்காது, ஊர்ந்து ஊர்ந்து தகட்டுக்குப் போயிரும். மசகுக்கு முதல் தகுதி வழுக்கறது இல்லை. போட்ட இடத்துலயே நிக்கறது.

ரெண்டாவது, பிளாஸ்டிக். இது எல்லாம் ஒரே ஜாதின்னு நெனச்சேன் பாருங்க, அங்க விழுந்தேன். தண்டு பெரும்பாலும் அசிட்டால். பிஓஎம்னும் சொல்லுவாங்க. தானாவே வழுக்கற குணம் உள்ளது, சாமானியமா எதுக்கும் அசையாது. கறுப்புப் பெட்டி நைலானா இருந்தா அதுவும் கெட்டிக்காரன். ஆனா விளக்கு வெளிச்சம் வெளியே தெரியணும்னு கண்ணாடி மாதிரி போடற மூடி பாலிகார்பனேட். அது கனத்த அடியைத் தாங்கும், கரைப்பானைத் தாங்காது. கீகேப்பும் வெளிப்பெட்டியும் பல சமயம் ஏபிஎஸ். அதுவும் அப்படித்தான். இந்த ரெண்டும் இழுவிசையில இருக்கும்போது, அதாவது கொக்கி மாட்டின மூலையில, பெட்ரோலிய வகைக் கரைப்பான் பட்டா கொஞ்சங் கொஞ்சமா விரிசல் விடும். உடனே தெரியாது. அதான் ஆபத்து. போட்ட அன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

சமையல் எண்ணெய்னா சாது, அது என்ன பண்ணும்னு கேப்பீங்க. எண்ணெயும் கொழுப்பும் பட்டு ஃபிரிட்ஜ் உள்பக்கப் பிளாஸ்டிக் விரிசல் விடறது அதைத் தயாரிக்கிறவங்களுக்கு ரொம்ப நாள் தலைவலி. தம்பி கேட்ட தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு பெருமையும் உண்டு. சுமார் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சுரும். மார்கழியில பாட்டிலை வெயில்ல வெப்போமே, அதே கதைதான். ஆபீஸ்ல ஏசி 22-ல ஓடும். காலைல வந்து உட்கார்ந்தா ஸ்பேஸ்பார் தோசைக்கல்லுல ஒட்டின மாதிரி நிக்கும். நாளாக நாளாகக் காறல் வாடை வேற இலவசம் :)

வாசலின் போடற கோஷ்டி ஒண்ணு இருக்கு. "மூணு வருஷமா போடறேன், ஒண்ணும் ஆகலை"ம்பாங்க. அவங்க பொய் சொல்லலை. அவங்க விசை நைலான். உங்களுது பாலிகார்பனேட்டா இருந்தா அவங்க அனுபவம் உங்களுக்கு எப்படி உதவும்? அதோட வாசலின் பெட்ரோலியத்துலேருந்து வர்றது. இயற்கை ரப்பரை ஊற வெச்சுக் கெடுக்கும். எனக்கு ஒண்ணும் ஆகலைங்கறது சான்று இல்லை, அதிர்ஷ்டம். வேற ஒருத்தரோட அதிர்ஷ்டத்தை நம்பி நம்ம கீபோர்டுல கை வெக்கக்கூடாது.

சரி, என்னதான் போடறது?

1. விசைக்குள்ள போடறதுக்கு இப்ப எல்லாரும் சொல்ற பேரு கிரைடாக்ஸ் 205 ஜி0. சும்மா விளம்பரத்துல வந்த பேரு இல்லை, காரணம் இருக்கு. அதுல இருக்கறது ஃபுளோரின் சேர்ந்த ஒரு எண்ணெய், அதைக் கெட்டியாக்க டெஃப்லான் தூள். ரெண்டுமே எதோடும் சேராத சாமியார் சமாச்சாரம். பிளாஸ்டிக்கோடயும் வினை கிடையாது, ரப்பரோடயும் கிடையாது. சுலபத்துல காயாது, தீப்பிடிக்காது. கடைசியில இருக்கற 0 என்னன்னா, கிரீஸோட கெட்டித்தன்மை எண். 25 டிகிரியில ஒரு கூம்பை கிரீஸ்ல விட்டு 5 விநாடியில எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு அளப்பாங்க. 0-ன்னா 35.5-லேருந்து 38.5 மில்லிமீட்டர். வண்டி வீல் பேரிங்குக்குப் போடற 2-ம் எண் கிரீஸ்னா 26.5-லேருந்து 29.5 வரைதான் இறங்கும். விசை ஸ்பிரிங் பூனைக்குட்டி பலம். 2-ஐப் போட்டா அது எழுந்திருக்கத் திணறும். அதனாலதான் 0. ஸ்பிரிங்குக்கு மட்டும் அதே குடும்பத்து எண்ணெய் 105-ஐப் போடறவங்களும் உண்டு. இன்னும் லேசா வேணும்னா ட்ரைபோசிஸ் 3203, 3204-ன்னு இதே இனத்துல வேற இருக்கு.

2. ஸ்பேஸ்பார், ஷிஃப்ட், என்டர் மாதிரி நீளக் கட்டைகளுக்கு அடியில ஸ்டெபிலைசர்னு ஒரு இரும்புக்கம்பி இருக்கும். லொட லொட சத்தம் முக்கால்வாசி அங்கேருந்துதான். கம்பி நுழையற முனைக்கு சிலிக்கான் கிரீஸ் போதும். இதை டைஎலக்ட்ரிக் கிரீஸ்னு விப்பாங்க. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. மின்சாரத்துக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்லை, மின்சாரத்தைக் கடத்தாதுன்னு அர்த்தம். தகட்டுப் பக்கம் போச்சுன்னா விசை செத்துச்சு. கட்டைக்கடியில சிலிக்கான் ரப்பர் வளையம் மாட்டியிருந்தா அதுமேலயும் பட விடாதீங்க. சிலிக்கான் எண்ணெய் பட்டா சிலிக்கான் ரப்பர் ஊதிரும்.

3. எங்கே போடக்கூடாதுங்கறது எங்கே போடணுங்கறதைவிட முக்கியம். நேரா இறங்கற விசைன்னா தண்டோட பக்கவாட்டிலயும் அது ஓடற தடத்திலயும் மெல்லிசா ஒரு பூச்சு. நடுவுல ஒரு மேடு தட்டற விசைன்னா தண்டோட காலைத் தொடாதீங்க. மேடு போயிரும், அப்புறம் எதுக்கு அதை வாங்கினீங்க? கிளிக் கிளிக்னு சத்தம் போடற நீல வகைக்கு மசகே வேண்டாம். சத்தத்துக்காக வாங்கிட்டு வாயைக் கட்டுவானேன்?

4. மேலேருந்து சொட்டு விடறது, ஸ்ப்ரே அடிக்கிறது ரெண்டும் கூடவே கூடாது. எங்க போய் நிக்கும்னு உங்களுக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. விசையைப் பிரிச்சு, சின்ன ஓவியத் தூரிகையால தடவணும். பிரிக்க முடியாத கீபோர்டுன்னா விட்டுருங்க.

5. துடைக்கறேன்னு நகப்பூச்சு நீக்கியை எடுத்துராதீங்க. அதுல அசிட்டோன் இருந்தா ஏபிஎஸ் கரைஞ்சே போயிரும், பாலிகார்பனேட் விரிசல் விட்டுரும்.

இன்னொண்ணு. கிரைடாக்ஸ் வகை ஆல்கஹாலுக்கும் கரையாது, வீட்டுல இருக்கற மத்த எதுக்கும் கரையாது. சோப்புத் தண்ணியில தேய்ச்சா கொஞ்சம் போகும், அவ்வளவுதான். முழுசா எடுக்கணும்னா அதே ஃபுளோரின் குடும்பத்துக் கரைப்பான் வேணும். நமக்குக் கிடைக்கவும் கிடைக்காது, கட்டுப்படியும் ஆகாது. ஆக, போட்டா போட்டதுதான். கூட்டலாம், குறைக்க முடியாது. உப்பு மாதிரி.

பாதுகாப்புன்னா யாருக்குன்னும் கேக்கணும் இல்லையா? கீபோர்டுக்குச் சாமியாரா இருக்கற அதே பொருள் உலகத்துக்கும் சாமியார்தான். சாகவே சாகாது. இந்த ஃபுளோரின் வகை எல்லாம் பிஃபாஸ்னு ஒரு பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணுலயும் தண்ணியிலயும் சிதையாமக் கிடக்குதுன்னு அந்தக் குடும்பத்தையே கட்டுப்படுத்தச் சொல்லி 2023-ல ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து, நார்வே, சுவீடன் அஞ்சு நாடும் சேர்ந்து ஐரோப்பாவில ஒரு திட்டம் குடுத்திருக்காங்க. நம்ம கையில இருக்கறது துளிதான். அதுக்காகப் பயந்து ஓட வேண்டாம். ஆனா மிச்சத்தைக் கழுவுற தொட்டியில ஊத்தாதீங்க. வேலை முடிஞ்சதும் கை கழுவுங்க. முக்கியமா, அந்தக் கையோட சிகரெட்டைத் தொடாதீங்க. டெஃப்லான் சாதாரண சூட்டுல சாது. சிகரெட் நுனி நெருப்புல சிதைஞ்சு வர்ற புகையை இழுத்தா குளிர்காய்ச்சல் மாதிரி ஒண்ணு வரும். தொழிற்சாலைகள்ல பார்த்து மருத்துவப் புத்தகத்துலயே ஏறின சங்கதி இது.

இவ்வளவும் சொன்னதால இதை வாங்கிப் போட்டே ஆகணும்னு நான் சொல்றதா நெனச்சுக்காதீங்க. மசகு போடாத கீபோர்டு கீபோர்டே இல்லைங்கற மாதிரி ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அசிட்டால் தண்டு தானாவே வழுக்கற பொருள். செர்ரி தன்னோட பல எம்எக்ஸ் விசைகளுக்கு 10 கோடி அழுத்தம்னு கணக்கு சொல்லுது. நாளைக்கு ஒரே எழுத்தைப் பத்தாயிரம் தடவை தட்டினாலும் இருபத்தேழு வருஷம் ஆகும். இப்ப வர்ற நிறைய விசைகள் தொழிற்சாலையிலேயே மசகு போட்டுத்தான் வருது. அதுமேல நாம வேற ஒண்ணைப் பூசினா ரெண்டும் கலந்து என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? மசகு ஒரு ருசி, சத்தம் கொஞ்சம் மென்மையாகும். தேவைங்கறது வேற.

அப்படியும் கை அரிச்சா ஒரு வழி. கீபோர்டுல ஸ்க்ரோல் லாக்னு ஒரு விசை இருக்கும். பிறந்ததுலேருந்து நீங்க அதைத் தொட்டிருக்கவே மாட்டீங்க. அதுல முதல்ல போட்டு ஒரு மாசம் விடுங்க. தினமும் நூறு தடவை தட்டுங்க. விரிசல் இல்லை, ஒட்டலை, ரெட்டிக்கலைன்னா மத்ததுக்குப் போகலாம். நான் அந்த ஒரு மாசம் பொறுத்திருந்தா ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம்.

தம்பி என்ன பண்ணினான்னு சொல்லலையே. அப்பாவோட கேள்வியையே அவன்கிட்ட கேட்டேன். துடைச்சுப் பார்த்தியா? ஸ்பேஸ்பாரைக் கழட்டினான். உள்ள பிஸ்கட் தூள். ஸ்டெபிலைசர் கம்பி ஒரு பக்கம் கொக்கியில உட்காரவே இல்லை. அதை அமுக்கி உட்கார வெச்சதும் முக்கால்வாசி சத்தம் போச்சு. மீதி கால்வாசிக்குக் கம்பி முனையில கடுகளவு சிலிக்கான் கிரீஸ். தேங்காய் எண்ணெய் அவன் தலைக்கே போகட்டும்.

இதை நான் தட்டறது என்னோட ரெண்டாவது கீபோர்டுல. வாங்கி நாலு வருஷம் ஆச்சு. ஸ்டெபிலைசர் தவிர வேற எங்கேயும் ஒரு துளி மசகு கிடையாது. அப்பா மாசத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு பிரஷ்ஷால தூசி தட்டிட்டுப் போறார்.

வரட்டுமா மக்களே?

டிஸ்கி: கடைசி வரியில 'மக்களே'ன்னு நான்தான் தட்டினேன். விசை நல்லாவே இருக்கு :)